இதயத்தை நிறுத்தும் மருந்து: அறுவை சிகிச்சைக்கு முன் குடும்பத்தார் அறிய வேண்டியவை

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளிலிருந்து உறவினரை இதய அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோர், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், இதயத்தை நிறுத்தும் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இதய-நுரையீரல் இயந்திரம் இரத்த ஓட்டத்தை ஏற்று, பெருந்தமனி கவ்வியால் அடைக்கப்பட்ட பின், பொட்டாசியம் மிகுந்த கரைசல், பெரும்பாலும் குளிரூட்டப்பட்டு, இதயத் தமனிகளுக்குள் செலுத்தப்படுகிறது. அதனால் தசையின் மின்செயல்பாடு அடங்கி இதயம் தளர்ந்து நிற்க, அதன் ஆக்சிஜன் தேவையும் வெகுவாகக் குறைகிறது. இவ்வகைக் கரைசல்களில் ஒன்றான செயின்ட் தாமஸ் கரைசலைப் பொதுவாக 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் செலுத்துவர். லிடோகெயின், மெக்னீசியம் சேர்ந்த, டெல் நிடோ எனும் மற்றொரு வகைக் கரைசலின் ஒரு தவணை ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடங்கள் வரை போதுமானது. அந்நேரத்திலும் இயந்திரத்தின் வழியே மூளைக்கு இரத்தம் செல்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். அவர்களை வாட்டும் அச்சம் பெரும்பாலும் அதுவே.

சிறுநீரகக் கோளாறோ டயாலிசிஸோ இருப்பின் மறைக்காதீர்கள், ஏனெனில் உடலில் சேரும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகமே. உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் உட்பட உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். எதையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

கவ்வியை அகற்றியதும் இரத்தம் பாய்ந்து மருந்தை வெளியேற்ற, இதயம் பெரும்பாலும் தானாகவே துடிக்கத் தொடங்கும். சிலருக்குச் சிறு மின்அதிர்ச்சியோ தற்காலிக பேஸ்மேக்கரோ தேவைப்படும்.