அவசரத்தில் கெடும் சிரிப்பு: இணைய விநோதங்களை ரசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 மே மாதக் கடைசியில் ட்விட்டரைத் திறந்தவர்கள் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போனார்கள். நாட்டின் பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்கும் நேரம். அந்தச் செய்தியோடு போட்டி போட்டுக்கொண்டு, ‘நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்’ என்ற ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்டிங்கில் நின்றது. யார் நேசமணி, என்ன ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி என்று வடநாட்டுக்காரர்கள் உண்மையான கவலையோடு கேட்டார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேர் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துக் கிடந்தார்கள்.

கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். நேசமணி என்பது ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு போட்ட வேடம். சிவில் இன்ஜினியரிங் சம்பந்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். ஒரு தமிழர் போய், இதன் பெயர் சுத்தியல், அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை ஜமீன் பங்களாவில் வைத்து இதுதான் உடைத்தது என்று ரொம்ப பவ்யமாக எழுதிவிட்டு வந்தார். இன்னொருவர் அதே பவ்யத்தோடு, இப்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

நம்மில் பலர் இந்த இடத்தோடு ஃபோனை அணைத்துவிடுகிறோம். இப்படி ஒன்று கிடைத்ததும் ஃபார்வர்ட் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு. விநோதமான ஒன்றைக் கண்டால் அதன் மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். உண்மையைத் தேடினால் சிரிப்பு போய்விடும் என்று ஒரு பயம் நமக்கு உண்டு. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

நேசமணியையே எடுத்துக்கொள்வோம். வடிவேலு அந்த வேடத்தில் நடித்த ‘ஃப்ரண்ட்ஸ்’ 2001இல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1999இல், அதே பெயரில் அதே சித்திக் இயக்கி மலையாளத்தில் வந்துவிட்டது. அங்கே அந்த வேடத்தில் ஜெகதி ஸ்ரீகுமார், பெயர் லாசர். கேரள எல்லையான களியக்காவிளைக்கு இரண்டு பக்கமும் படம் பார்க்கிற நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. லாசர் நல்லவனா நேசமணி நல்லவனா என்று மார்த்தாண்டம் டீக்கடையில் வாதம் தொடங்கினால் டீ ஆறிவிடும்.

அதைவிட ருசியான சங்கதி இன்னும் கீழே இருக்கிறது. நேசமணி என்பது நம் மாவட்டத்தில் சாதாரணப் பெயர் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு குமரி இணைந்ததில் முன்னால் நின்றவர் மார்ஷல் நேசமணி. அவர் பெயரில் மார்த்தாண்டத்தில் கல்லூரி இருக்கிறது. 1997இல் தலைவர்களின் பெயர்களை எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுக்கும்வரை, நாகர்கோவிலிலிருந்து ஓடிய அரசு பஸ்ஸெல்லாம் ‘நேசமணி’ பஸ்தான். இப்போது யோசித்துப் பாருங்கள்: பேரன் ஃபோனை நீட்டி, “தாத்தா, நேசமணி மண்டையில அடிபட்டுட்டாம் கேட்டியளா” என்றால், அந்த பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த தாத்தாவின் முகம் எப்படி இருந்திருக்கும்? மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்தால் இந்தச் சிரிப்பெல்லாம் கைக்கு வராது.

கிளறினால் சிரிப்பு கூடுவதற்கு இன்னொரு நல்ல சாட்சி செவ்வாய்க் கிரகம். ஆகஸ்ட் மாதம் பிறந்தால் போதும், 27ஆம் தேதி இரவு வானத்தில் இரண்டு நிலா, செவ்வாய் முழுநிலவு அளவுக்குத் தெரியும், தவறவிடாதீர்கள் என்று ஒரு ஃபார்வர்ட் வந்துவிடும். வந்ததும் இரண்டு கோஷ்டி கிளம்பும். ஒன்று மொட்டைமாடிக்குப் போகும். மற்றொன்று ‘ஃபேக்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். இரண்டுக்கும் நஷ்டம்தான். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் உண்மையாகவே பூமிக்கு மிக அருகில் வந்தது. அப்போது சுற்றிய ஆங்கில மின்னஞ்சலில் இருந்த வாக்கியம் இதுதான்: தொலைநோக்கியில் 75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணால் பார்க்கும் முழுநிலவு அளவுக்குத் தெரியும். அந்த வாக்கியம் நடுவில் மடங்கி இரண்டு வரியாகிவிட்டது. இரண்டாம் வரியை மட்டும் படித்தவர்கள் கிளப்பிவிட்டதுதான் இரண்டு நிலா. ஒரு வரி முறிந்ததற்காக இருபது வருஷத்துக்கும் மேலாக உலகம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘ஃபேக்’ என்று ஒதுக்கியவருக்கு இது தெரியவே தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு தவறு உண்டு. கொஞ்சம் விநோதமாக இருந்தாலே பொய் என்று முத்திரை குத்துவது. சித்ரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்க, மறுபக்கம் நிலா கடலிலிருந்து எழும்பும் படத்தை வெளியூர் நண்பர்களுக்கு அனுப்பினால், எடிட்டிங் சூப்பர் என்று பதில் வரும். எடிட்டிங் இல்லை. முழுநிலவு நாளில் சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டித்தான் எந்த ஊரிலும் நிலா உதிக்கும். இரண்டு பக்கமும் கடலாக இருக்கும் முனை நம்முடையது, அவ்வளவுதான் விஷயம்.

குமரிக்கண்டம் என்ற புதைகுழி

இந்தத் தலைப்பைத் தொடாமல் குமரி மாவட்டத்துக்காரன் இணைய விநோதம் பற்றி எழுத முடியாது. ஏழு தெங்க நாடு, ஏழு மதுரை நாடு என்று பெயர் போட்ட வரைபடம், பின்னணியில் உடுக்கைச் சத்தம், கடலுக்கடியில் கோபுரம் எழும்பும் கிராஃபிக்ஸ். இப்படி வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. இவற்றின் கமெண்ட் பகுதியில் நடக்கும் சண்டை, வீடியோவைவிட நீளம். ஒரு தரப்பு, நம்பாதவன் தமிழனே இல்லை என்கிறது. மறு தரப்பு, நம்புகிறவன் முட்டாள் என்கிறது. இரண்டு பேருமே சிரிக்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டார்கள்.

சிலப்பதிகாரம் கடல்கோளைப் பேசுகிறது. அது இலக்கியத்தின் ஞாபகம், அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் வீடியோக்காரர்கள் சேர்த்துவிடும் ‘லெமூரியா’ வந்த வழி வேறு. 1864இல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞருக்கு ஒரு குழப்பம். லீமர் என்ற பிராணி மடகாஸ்கரில் மண்டிக் கிடக்கிறது. அதன் ஒன்றுவிட்ட சொந்தமான தேவாங்கு இந்தியாவில் இருக்கிறது. நடுவில் இத்தனை பெரிய கடல். எப்படி வந்து சேர்ந்தன? சரி, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று முடிவுகட்டி, லீமரின் பெயரையே அதற்கு வைத்தார். 1960களில் கண்டங்களே நகர்கின்றன என்பது நிலைநாட்டப்பட்டபின் அந்த நிலத்துக்குத் தேவை இல்லாமல் போனது. ஆக, பாண்டியன் தலைநகரம் என்று உடுக்கை அடித்துக் காட்டப்படும் கண்டத்தின் பெயர், இரவில் பெரிய கண்ணை உருட்டிக்கொண்டு மரத்தில் தொங்கும் ஒரு சின்னப் பிராணியின் சொந்தக்காரனுடையது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்கென்றே கடவூர் சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கண்டத்துக்கு உரிமை கோர வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் நம்புகிறவரும் சேர்ந்து சிரிப்பார். “உமக்கு அறிவில்லையா ஓய்” என்று ஆரம்பித்தால் இரவு இரண்டு மணிவரை டைப் அடிக்க வேண்டும்.

அன்றே சொன்னார்கள்

பழைய படத்திலோ கார்ட்டூனிலோ இன்றைய விஷயம் ஒன்று தென்பட்டால் அதைத் தீர்க்கதரிசனம் ஆக்கிவிடுவது அடுத்த தவறு. உலக அளவில் இதற்குப் பேர்போனது ‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன். 2000ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு பகுதியில் ட்ரம்ப் அதிபராக இருந்ததாக ஒரு வசனம் வருவது உண்மை. ஆனால் அவர் நகரும் படிக்கட்டில் இறங்கி வரும் காட்சியை முன்கூட்டியே வரைந்துவிட்டார்கள் என்று சுற்றும் படம், 2015இல் அவர் இறங்கி வந்ததற்குப் பிறகு வரைந்தது. தேதியைப் பார்க்காததால் வந்த ஆச்சரியம்.

நம்மிடமும் சரக்கு உண்டு. 1908இல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், பட்டனைத் தட்டினால் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று பாடியதை, உணவு டெலிவரி ஆப்பை அன்றே சொன்ன ஞானி என்று ரீல் போடுகிறார்கள். அவர் ஞானிதான், ஆனால் அதற்காக அல்ல. விஞ்ஞானம் வளர வேண்டும் என்ற ஆசையையும், உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வர வேண்டும் என்ற சோம்பலையும் ஒரே பாட்டில் கேலி செய்தவர். ஆரூடம் சொன்னார் என்று ஆக்கியதும் அந்தக் கேலி செத்துப்போகிறது.

இதே வகையில் இன்னொரு டெம்ப்ளேட் இருக்கிறது. 2003 ஜனவரியில் வெளியான ‘அன்பே சிவம்’ படத்தில் சுனாமி என்ற சொல் வருகிறது, அலை வந்தது 2004 டிசம்பர் 26. ஆகவே கமல் முன்பே சொன்னார் என்று சிரிப்பு ஸ்மைலியோடு ஒரு மீம் வருஷா வருஷம் டிசம்பரில் சுற்றும். சென்னையில் இருப்பவருக்கு அது ஒரு வேடிக்கைத் தகவல். குளச்சலில் அன்றைக்கு ஒரே குழியில் எத்தனையோ பேரைச் சேர்த்துப் புதைத்தார்கள். மணக்குடியில் பாலமே அடித்துக்கொண்டு போனது. அங்கெல்லாம் டிசம்பர் 26 காலையில் நினைவுத் திருப்பலி நடக்கும்போது அன்பியம் என்கிற பங்குக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மீம் வந்து விழுந்தால், போட்டவர் கெட்டவர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பதில் ஒன்றும் வராது. படத்தில் பிழையில்லை, மீமிலும் பெரிய பிழையில்லை. போய் விழுந்த இடமும் தேதியும்தான் பிழை. நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் பற்றிய பழைய மீம்களைத் தூசிதட்டி எடுப்பவர்களுக்கும் இதுதான். வள்ளவிளை, தூத்தூர் பக்கம் கடலுக்குப் போய் 2017இல் திரும்பாதவர்களின் வீடுகளிலும் வாட்ஸ்அப் இருக்கிறது.

பிறத்தியார் ஏமாந்ததைக் கண்டு நாம் சிரிக்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாக ஒரு செய்தித்தொகுப்பு காட்டியது. அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டு ஜனங்கள் ஃபோன் போட்டார்கள். என்ன மடத்தனம் என்று தோன்றும். அன்றைய பிரிட்டனில் ஸ்பகெட்டி வீட்டில் புழங்கும் சாப்பாடு இல்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். இடியாப்ப மரம் என்று சொல்லி நாகர்கோவிலில் ஒருவரையும் ஏமாற்ற முடியாது. பழக்கமில்லாத ஒன்றைச் சொன்னால் நாமும் விழுவோம். 2012இல் ஒரு அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை, உலகத்திலேயே கவர்ச்சியான ஆண் வடகொரிய அதிபர் என்று எழுத, சீனாவின் மக்கள் நாளிதழே அதை நிஜமென்று எடுத்து, அதிபரின் படங்களை வரிசையாகத் தொகுத்துப் போட்டது.

ஆளைப் பார்த்துச் சிரிப்பது

ஸ்பெயினில் போர்ஹா என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் சிதைந்துகொண்டிருந்த இயேசு ஓவியத்தை, எண்பது வயதைத் தாண்டிய பங்குப் பெண்மணி ஒருவர் 2012இல் தன் கையாலேயே புதுப்பிக்கப் போனார். முகம் குரங்கு போல ஆகிவிட்டது. உலகமே சிரித்தது, அந்த அம்மா மனமுடைந்து போனார். பிறகு அந்தப் படத்தைப் பார்க்கவே ஊருக்குக் கூட்டம் வந்தது, நுழைவுக் கட்டணம் வைத்தார்கள், ஊர் பிழைத்தது. முடிவு நன்றாக அமைந்தது அவருடைய அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

நம் ஊரில் இதன் உள்ளூர் வடிவம் கல்யாண ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளையைப் புலியாக்கி, கூட்டுக்காரர்கள் பத்துப் பேர் கூலிங்கிளாஸ் போட்டு வரிசைகட்டி, கீழே ஒரு பஞ்ச் வசனம். ரசிக்க வேண்டிய கலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படமெடுத்துப் போடும்போது பொண்ணு மாப்பிள்ளை பெயர், ஊர், மண்டபம் எல்லாம் சேர்ந்து போகிறது. வசனத்தை மட்டும் வெட்டிப் போடுங்கள், சிரிப்பு ஒரு துளி குறையாது. கடை போர்டில் எழுத்துப்பிழை என்றாலும் அப்படித்தான். ஃபோன் நம்பரை மறைக்காமல் போட்டால் அந்தக் கடைக்காரருக்கு விடியவிடிய அழைப்பு வரும், அதில் ஒன்றுகூட வியாபாரத்துக்காக இருக்காது.

நாமும் ஒருமுறை அந்தப் பக்கம் நின்றிருக்கிறோம். பிரபுதேவா ஆடிய ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படப் பாட்டொன்றுக்கு 2007இல் ஒரு அமெரிக்கர் தன் காதுக்கு விழுந்தபடி ஆங்கில வரிகள் போட்டு, ‘பென்னி லாவா’ என்று யூடியூபில் ஏற்றினார். சிலருக்குக் கோபம், பலருக்கு வயிற்றுவலி. மொழி தெரிந்த நமக்குத்தான் அதில் இரட்டைச் சிரிப்பு. நிஜ வரியும் தெரியும், கேட்ட வரியும் தெரியும். மலையாளப் பாட்டைத் தமிழ்க் காதாலும் தமிழ்ப் பாட்டை மலையாளக் காதாலும் கேட்டு வளர்ந்த விளவங்கோட்டுப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் தகுதி உண்டு என்றே சொல்வேன்.

சின்னத் தவறுகள் இரண்டு பாக்கி. ஜோக்கை அனுப்பிவிட்டு உடனே கீழே விளக்கவுரை எழுதாதீர்கள். யாராவது கேட்டால் சொல்லலாம். நூறு பேர் இருக்கிற ஃபேமிலி குரூப்பில் ஒருவருக்கு மட்டும் புரிகிற மீமைப் போடாதீர்கள். அந்த ஒருவருக்குத் தனியாக அனுப்பினால் அவர் திருப்பி ஒன்று அனுப்புவார், அது பெரும்பாலும் நீங்கள் அனுப்பியதைவிட நன்றாக இருக்கும்.