பியர்டட் டிராகனுக்கு இயற்கைச் சூழல் பெட்டி: முதலில் வெயில், பிறகு மண், கடைசியில் செடி

பியர்டட் டிராகன் நம் வேலியோர ஓணானுக்கு உறவு. இரண்டும் அகாமிடே குடும்பம். தலையை ஆட்டி அதிகாரம் காட்டுவதும், காலையில் உயரமான கட்டையில் ஏறி வெயில் காய்வதும் இரண்டுக்கும் பொது. வீடுகளில் பெரும்பாலும் வளர்வது போகோனா விட்டிசெப்ஸ் என்ற இனம். அதன் சொந்த மண் ஆஸ்திரேலியாவின் கிழக்கு உள்நாடு: செம்மண், குட்டையான மாலி மரங்கள், உப்புப்புதர், வேலிக்கம்பம்.

இந்த விளக்கம் ஆஸ்திரேலியாவில் முதன்முறையாக வளர்க்கப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக. உரிம விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டிராகனை வாங்கும் முன்பே உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். சாலையோரம் கண்டதைப் பிடித்து வந்து வளர்க்கக் கூடாது.

இயற்கைச் சூழல் என்றதும் பலர் செடியும் கல்லும் வாங்க ஓடுகிறார்கள். டிராகனுக்கு முதல் தேவை வெயில். உடல் சூடேறாவிட்டால் தின்றது செரிக்காது. வெயிலில் உள்ள யூவிபி எனும் புற ஊதாக் கதிர் கிடைக்காவிட்டால் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. ஆகவே வேலையின் வரிசை இப்படி: பெட்டி, விளக்கு, கல், மண், செடி, சிறு பூச்சிகள், கடைசியில் டிராகன். எல்லாம் சேர்ந்து ஐந்தாறு வாரம் பிடிக்கும்.

படி 1: பெட்டி

வளர்ந்த டிராகன் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. இருக்கும். அதற்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் குறைந்தபட்சம். உயரம் 60 போதும் என்று கடையில் சொல்வார்கள். மண் போடப் போகிறீர்கள் என்றால் 75 எடுங்கள். 12 செ.மீ. மண்ணுக்குப் போய்விடும், விளக்கு 6 செ.மீ. இறங்கும், வெயில் காயும் கட்டை மண்ணிலிருந்து 15 செ.மீ. எழும்பி நிற்கும். மிஞ்சுவது 42 செ.மீ. யூவிபி குழலுக்கும் டிராகனின் முதுகுக்கும் நடுவே ஏறக்குறைய அந்த இடைவெளிதான் வேண்டும். 60 செ.மீ. பெட்டியில் இந்தக் கணக்கு 27க்கு இறங்கிவிடும். முதுகும் கண்ணும் பாதிக்கப்படும்.

முன்பக்கம் கண்ணாடிக் கதவு, மற்ற பக்கம் பலகை என்பது நல்ல அமைப்பு, சூடு தங்கும். கீழ் மூலைகளிலும் பலகை இணைப்புகளிலும் மீன்தொட்டிக்கான சிலிக்கோன் பூசி, வாடை முழுதும் போகும்வரை ஒரு வாரம் திறந்து வையுங்கள். பூசாவிட்டால் மண்ணின் ஈரம் இறங்கிப் பலகை ஊதிவிடும். மண் நிறைந்த பெட்டியின் எடை நூறு கிலோவைத் தாண்டும். தாங்கும் மேசையில் வைத்த பிறகே நிரப்புங்கள், அதன்பின் நகர்த்த முடியாது.

படி 2: விளக்கு

இதில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சூட்டுக்கு ஒளியை அகலமாகப் பரப்பும் 75 வாட் ஹாலஜன் ஃப்ளட் விளக்கு இரண்டு, பெட்டியின் ஒரே பக்கத்தில் அருகருகே. ஒற்றை ஸ்பாட் விளக்கு ஏன் வேண்டாம் என்றால், அது முதுகில் ஒரு ரூபாய் அளவு இடத்தைச் சுட்டுவிடும், உடலின் மற்ற பகுதி குளிர்ந்தே இருக்கும். டிராகன் இன்னும் சூடு வேண்டுமென்று நகராமல் கிடக்கும், தோல் வெந்துவிடும். விளக்குகளை, சூட்டுக்கு ஏற்ப ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். அணைத்து அணைத்து எரியவிடும் மலிவான வகை ஹாலஜனுக்கு ஒத்துவராது. பெட்டிக்குள் தொங்கும் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் கம்பிக் கூடு கட்டாயம். டிராகன் ஏறித் தாவும்.

யூவிபிக்கு டி5 எனும் மெல்லிய குழல் விளக்கு, 10 அல்லது 12 சதவீத வகை, பிரதிபலிப்பான் உள்ளது. நீளம் பெட்டியில் ஏறக்குறைய பாதி. ஹாலஜன் இருக்கும் அதே பக்கத்தில் மாட்டினால் சூடும் யூவிபியும் ஒரே இடத்தில் விழும், சூரியன் தருவது போல. மறு பாதி நிழலாகவே இருக்கட்டும். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வரக் கூடாது, யூவிபியை அவை தடுத்துவிடும். கம்பி வலையும் கணிசமாகக் குறைக்கும். யூவி குறியீட்டு மீட்டர் இரவல் கிடைத்தால் முதுகு இருக்கும் உயரத்தில் அளந்து பாருங்கள், 3 முதல் 5 வரை நல்லது. குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே போகும், ஆகவே 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

செடிகளுக்காக பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வின் எல்இடி ஒன்று நீளவாக்கில் மாட்டுங்கள். டிராகனுக்கும் அது பயன். அதன் உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் சிறு மூன்றாம் கண் இருக்கிறது, மங்கலான பெட்டியில் டிராகன் சோம்பிக் கிடக்கும்.

இனி அளவுகள். வெயில் காயும் கட்டையின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி செல்சியஸ், இதை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். நிழல் பக்கக் காற்று 24 முதல் 27. இரவு 18 முதல் 22. மெல்பர்ன் குளிர்காலத்தில் அறை 18க்குக் கீழே இறங்கினால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தனித் தெர்மோஸ்டாட்டில் மாட்டுங்கள். சிவப்பு, நீல இரவு விளக்குகள் தூக்கத்தைக் கெடுக்கும். சூடாகும் கல் என்று விற்பதைத் தொடவே வேண்டாம், வயிற்றைச் சுட்டுவிடும்.

வெறும் பெட்டியில் இந்த விளக்குகளை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கோடையில் 14 மணி நேரம், குளிர்காலத்தில் 10 மணி நேரம் எரிய டைமர் வையுங்கள்.

படி 3: கல்லும் கட்டையும்

மண்ணுக்கு முன் கல். டிராகன் நன்றாகத் தோண்டும். மண்மேல் வைத்த கல் ஒருநாள் அதன்மேலேயே சரியும். கனமான கற்களைப் பெட்டியின் தரைமீதே அமர்த்தி, அடுக்கினால் சிலிக்கோன் வைத்து ஒட்டி, அதைச் சுற்றி மண் நிரப்புங்கள். பெரிய கட்டையையும் பக்கச் சுவரில் ஆணி முடுக்கி நிறுத்துங்கள். கிளையின் தடிமன் டிராகனின் உடலளவு இருந்தால்தான் அது வசதியாகப் படுக்கும். பிசின் மணக்கும் பைன், சீடர் வேண்டாம். நிழல் பக்கத்தில் நுழைந்து ஒளிய ஒரு குகை அவசியம்.

படி 4: மண்

120 × 60 × 12 செ.மீ. என்றால் 86 லிட்டர். அமுங்கும் என்பதால் 100 லிட்டர் வாங்குங்கள்: உரம் கலக்காத மேல்மண் 60 லிட்டர், குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல் 40 லிட்டர். ஒரு சிறு வாளி களிமண் தூள் சேர்த்தால் தோண்டிய வளை இடியாமல் நிற்கும். பையில் வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் எனும் லேசான கல்துகள் தெரிந்தால் அந்த மண் வேண்டாம், டிராகன் தீனி என்று பொறுக்கித் தின்னும்.

கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிரும் பதத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கலக்குங்கள். பத்து பத்து லிட்டராகக் கொட்டி உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு விளக்குகள் எரிய, கதவு சற்றே திறந்திருக்க, இரண்டு வாரம் காயட்டும். மேல்மண் இறுகி ஓடு கட்டும், அதுதான் வேண்டும். புழுதி பறந்தால் மணல் கூடிவிட்டது.

மண்ணில் வளர்த்தால் குடல் அடைத்துக்கொள்ளும் என்ற பயம் பரவலாக உண்டு. சூடு குறைவு, நீர் வற்றிய உடல், குடல்புழு போன்றவை இருக்கும்போதுதான் பெரும்பாலும் மண்துகள் வெளியேறாமல் தங்குகின்றன. சுண்ணாம்பு மணல் என்று விற்பது வேறு விஷயம். அது சுவையாக இருப்பதால் அள்ளித் தின்னும், பெட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

படி 5: செடி, சிறு பூச்சி

உப்புப்புதர், லொமாண்ட்ரா புல், யானைப்புதர் எனப்படும் போர்ச்சுலகேரியா, எச்சவேரியா ஆகியவை தாக்குப்பிடிக்கும். நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். ஆகவே பெட்டி வேலை தொடங்கும்போதே வாங்கி, வேரைக் கழுவி, சுத்தமான மண்ணில் ஒரு மாதம் வெளியே வளர்த்துவிட்டுப் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். தொட்டியோடு புதைத்து அடியைச் சுற்றிக் கற்கள் வைத்தால் வேர் தப்பும். அரளி, எருக்கு, கலஞ்சோ, கள்ளிப்பால் சுரக்கும் யூஃபோர்பியா எதுவும் கூடாது.

எச்சத்தின் மிச்சத்தை மட்கவைக்க ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் எனும் மண்ணில் வாழும் சிறு உயிரிகளை விடுவார்கள். நிழல் பக்க மூலையில் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி, மேலே மரப்பட்டையும் காய்ந்த இலையும் போட்டு வையுங்கள். பெட்டி முழுதும் தெளித்தால் ஈரப்பதம் ஏறி நுரையீரல் நோய் வரும். பகலில் 30 முதல் 40 சதவீதம் சரி. சிட்னி போன்ற கடலோர ஊரில் மழை நாட்களில் இதைவிடக் கூடும், காற்றோட்டத் துளைகளைப் பெரிதாக்குங்கள். ஒன்று மனதில் இருக்கட்டும்: டிராகனின் எச்சம் பெரியது, இந்தப் பூச்சிகளால் முழுதும் தீராது. கண்டவுடன் அள்ளிப் போடுங்கள்.

படி 6: டிராகன்

இந்த ஐந்தாறு வாரமும் டிராகன் இதே அளவு சூடும் யூவிபியும் உள்ள எளிய பெட்டியில், காகிதம் விரித்த தரையில் இருக்கட்டும். அங்கிருந்தே எச்சத்தை எடுத்து ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொடுத்துக் காக்சிடியா, ஊசிப்புழு ஆகிய குடல் ஒட்டுண்ணிகளுக்குப் பரிசோதனை செய்யுங்கள். நோயோடு மண்ணில் இறக்கிவிட்டால் மண் முழுவதையும் தூக்கி எறிய நேரும். ஒரு பெட்டியில் ஒரு டிராகன்தான். இரண்டை விட்டால் வலியது வெயிலை மறித்துக்கொள்ளும், மற்றதன் விரலும் வாலும் கடிபடும்.

சுவர்க்கோழிப் பூச்சியைப் பெட்டிக்குள் அவிழ்த்துவிடாதீர்கள். மண்ணில் ஒளிந்து இரவில் தூங்கும் டிராகனைக் கடிக்கும். வழவழப்பான கிண்ணத்தில் வையுங்கள் அல்லது இடுக்கியால் கொடுங்கள்.

முதல் வாரம் பார்த்துக்கொண்டே இருங்கள். விளக்கடியில் வாயைத் திறந்தபடி கிடந்தால் உடல் போதுமான சூடு ஏறிவிட்டது, கவலை இல்லை. நிழலில் இருந்தும் வாய் திறந்தே இருந்தால், சளி தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள். நாள் முழுக்க விளக்கை விட்டு நகராவிட்டால் கட்டையின் சூடு போதவில்லை; அந்தப் பக்கமே போகாவிட்டால் கூடிவிட்டது. கண்ணாடியை ஓயாமல் சுரண்டினால் தன் பிம்பத்தை இன்னொரு டிராகன் என்று நினைத்திருக்கலாம். அந்த இடத்தில் வெளிப்புறம் ஒரு காகிதம் ஒட்டுங்கள். வாரம் ஒருநாள் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள்.