அரிசிக் கோலம்: கொண்டோவில் சாயம் ஏற்றி, நண்பர் வீட்டு வாசலில் இடும் வரை

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூர் பேரங்காடிகளின் நடுக்கூடத்திலும் அலுவலக வரவேற்பறையிலும் வர்ண அரிசிக் கோலம் வந்துவிடும். நம் ஊரில் கோலம் என்றாலே பலருக்கும் மாவு நினைவுக்கு வருவதில்லை, சாயம் ஏற்றிய அரிசிதான். வாடகைக் கொண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில், இருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால், ஒரு சனிக்கிழமையில் சாயம் ஏற்றி, திறந்த இல்ல உபசரிப்பு வைக்கும் நண்பர் வீட்டில் ஆறடிக் கோலம் இட்டுவிடலாம். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா, பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் சாயம் ஏற்றிய அரிசி பொட்டலமாகவே கிடைக்கிறது. அவசரத்துக்கு அது போதும். நினைத்த நிறம் நினைத்த அளவில் வேண்டுமென்றால் நாமே ஏற்றுவதுதான் சரி.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கெடுவதெல்லாம் பெரும்பாலும் ஈரத்தால்தான் கெடுகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அரிசி உறிஞ்சிய தண்ணீர் எளிதில் வெளியேறாது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அதைக் கணக்கில் வைத்துச் சொல்பவை.

எந்த அரிசி, எத்தனை கிலோ

வெள்ளைப் பச்சரிசி வாங்குங்கள். புழுங்கல் அரிசியின் பழுப்பு, நீலத்தையும் ஊதாவையும் மங்கடித்துவிடும். பாஸ்மதி வேண்டாம். நீள மணிகள் கோட்டின் ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து விளிம்பைப் பிசிறாக்கும். எங்கள் தேர்வு நொய்யரிசி. மளிகைக் கடையில் பெராஸ் ஹன்சுர் என்று கேட்டால் தருவார்கள். விலை குறைவு, மணி சின்னது, வளைவு கூர்மையாக வரும். சோற்றுக்குரிய முழு அரிசியைத் தரையில் கொட்டுகிறோமே என்ற உறுத்தலும் குறையும். அந்த உறுத்தல் நியாயமானது. அதனால்தான் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பது பற்றிக் கடைசியில் விரிவாகவே சொல்கிறோம்.

கோலத்தில் அரிசி 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு இருந்தால் தரை தெரியாது. அந்தக் கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை முதல் மூன்றே கால் கிலோ பிடிக்கும். நாலடி விட்டமுள்ள வட்டத்துக்கு மூன்று முதல் நான்கு கிலோ. ஐந்தடிக்கு ஐந்து முதல் ஆறு. ஆறடிக்கு ஏழு முதல் எட்டரை. முதல் முறை இடுபவர்கள் நாலடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டடி கூடினாலே பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

ஆறடிக்கு எட்டு கிலோ எடுத்தால் இப்படிப் பிரிக்கலாம்: சாயம் ஏற்றாத வெள்ளை 2 கிலோ, மஞ்சள் ஒன்றரை, சிவப்பு ஒன்றரை, பச்சை 1, நீலம் 1, கோட்டுக்குக் கறுப்போ அடர் ஊதாவோ 1. மயில் போட நினைத்தால் வெள்ளையைக் குறைத்து நீலத்தையும் பச்சையையும் அரைக் கிலோ கூட்டுங்கள்.

சாயம் ஏற்றுவது

முதலில் அரிசியைச் சல்லடையில் சலித்துத் தவிட்டுத் தூளை நீக்குங்கள். கழுவாதீர்கள். தூள் இருந்தால் சாயத்தோடு சேர்ந்து கட்டியாகி, காய்ந்ததும் திட்டுத்திட்டாகத் தெரியும். கழுவினால் மணி தண்ணீர் குடித்து விரிசல் விடும்.

ஒரு கிலோ அரிசிக்கு மொத்தம் 50 மில்லிக்கு மேல் திரவம் சேரக்கூடாது. திரவ உணவுச் சாயம் என்றால் 2 தேக்கரண்டியோடு 25 மில்லி வெள்ளை வினிகர். அடர் சிவப்புக்கும் நீலத்துக்கும் சாயம் 4 தேக்கரண்டி. கறுப்புக்கு 6 தேக்கரண்டி, வினிகர் 15 மில்லி போதும். பொடிச் சாயம் என்றால் அரைத் தேக்கரண்டியை 25 மில்லி வினிகரில் நன்றாகக் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். கரையாத ஒரு துகள் ஒரு பிடி அரிசியையே கறையாக்கிவிடும். போஸ்டர் வர்ணம் என்றால் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் சேர்க்காமல். கறுப்புக்கு எங்கள் பரிந்துரை போஸ்டர் வர்ணம்தான். உணவுச் சாயத்தில் கறுப்பு பெரும்பாலும் சாம்பலிலோ பழுப்பிலோ போய் நிற்கும்.

கெட்டியான ஜிப் பையில் முதலில் சாயக் கலவையை ஊற்றி, பையின் உள்பக்கம் முழுக்கப் படும்படி கசக்குங்கள். அதன் பிறகு அரைக் கிலோ அரிசியைக் கொட்டி வாயை மூடி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். நிறம் பிடித்ததும் மீதி அரைக் கிலோவைப் போட்டு மறுபடி குலுக்குங்கள். அரிசிமேல் சாயத்தை ஊற்றினால் ஊற்றிய இடத்து மணிகளே எல்லாவற்றையும் குடித்துவிடும், மற்றவை வெளுத்துக் கிடக்கும். நிறம் போதவில்லையே என்று அங்கேயே இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டாம். காயவைத்து மறுநாள் இரண்டாம் முறை ஏற்றினால் ஆழமாக வரும்.

இயற்கைச் சாயமும் செய்யலாம், வெளிர் நிறமாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டால். மஞ்சள் தூளை வினிகரோடு கலந்தால் மஞ்சளாகவே நிற்கும். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். சங்குப்பூ, அதாவது நசி கெராபு சோற்றுக்கும் ஞோஞா பலகாரங்களுக்கும் போடும் புங்கா தெலாங், வெறும் தண்ணீரில் நீலம் தரும், வினிகர் பட்டதும் ஊதாவாகிவிடும். ஒரே பூவில் இரண்டு நிறம் கிடைக்கிறது. பூவைக் குறைந்த வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாறு மட்டும் 50 மில்லிக்குள் சேருங்கள்.

ஒரே நிறத்தில் அடர்விலிருந்து வெளிர் வரை அடுக்கு வேண்டுமா? மூன்று தடவை தனித்தனியாகச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை. சிவப்பையும் வெள்ளையையும் மூன்றுக்கு ஒன்று, சரிபாதி, ஒன்றுக்கு மூன்று என்று கலந்து வையுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். நின்று பார்க்கும் உயரத்தில் கண்ணே கலந்துகொள்ளும்.

காயவைப்பது

கடையில் மாஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத் தாளை வாங்கித் தரையில் விரியுங்கள். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குமேல் போகாமல் அரிசியைப் பரப்பி, மின்விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் அரைமணிக்கு ஒரு தடவை கையால் கிளறிவிட்டால் கட்டி பிடிக்காது. பிறகு இரவு முழுக்க அப்படியே விடலாம். அறையில் குளிர்சாதனம் இருந்தால் ஈரம் நீக்கும் முறையில் வையுங்கள், மழை நாளில் அது பெரிய உதவி. பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பினால் அடிப்பக்கம் வியர்த்துக் கிடக்கும். நாளிதழில் பரப்பினால் அச்சு மை மஞ்சளிலும் வெள்ளையிலும் ஒட்டும்.

பால்கனி வெயிலை நம்ப வேண்டாம். கொளுத்தும் வெயில் மணியைப் பிளக்கும், உணவுச் சாயத்தை வெளுக்கவும் வைக்கும். அக்டோபர், நவம்பரில் பகல் வெளுத்துக் காய்ந்தாலும் பின்னேரம் இடியோடு கொட்டுவதுதான் கிள்ளான் பள்ளத்தாக்கின் வழக்கம். எல்லாரும் அலுவலகத்தில் இருக்கும்போது மழை வந்தால் அரிசியை உள்ளே எடுக்க ஆள் இருக்காது.

காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிடியை வெள்ளை டிஷ்யூவில் வைத்து அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டாமல் இருக்க வேண்டும். லேசாகக் குளிர்ச்சியாகப் பட்டாலும் இன்னொரு இரவு விடுங்கள். ஈரத்தோடு மூடினால் மூன்றாம் நாளே புளித்த வாடை அடிக்கும், பிறகு பூஞ்சை.

காய்ந்ததை ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் நிரப்புங்கள். ஒரு போத்தலில் ஏறக்குறைய 1.2 கிலோ பிடிக்கும். எல்ஆர்டி ரயிலில் எடுத்துப் போக அதைவிட வசதியானது வேறில்லை. மூடியில் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் அதுவே கோடு இழுக்கும் கருவியும் ஆகிவிடும்.

நண்பர் வீட்டில்

போகும் முன்பே வாசலின் அளவைக் கேளுங்கள். இரும்புக் கிரில் வெளிப்பக்கம் திறக்கிறதா என்றும் கேளுங்கள், கோலம் முடிந்த பிறகு கிரிலைத் திறக்க முடியாமல் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. கொண்டோவின் நடைபாதையும் மின்தூக்கிக் கூடமும் பொதுச் சொத்து. அங்கே இடுவதென்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கச் சொல்லுங்கள். தீயணைப்புக் கதவை மறிக்காமல் ஆள் நடக்க மூன்றடி விடுங்கள். செருப்பு கழற்றும் இடமும் தனியாக வேண்டும். அதை மறந்தால் வருகிற விருந்தாளிகள் கோலத்தின் ஓரத்திலேயே கழற்றுவார்கள்.

கோலத்தைத் திருநாளுக்கு முந்தின மாலை இடுவது நல்லது. அன்று அடுக்களை முறுக்கும் நெய்யுருண்டையுமாக இருக்கும். ஆகவே ஆன்ட்டியிடம் பாத்திரம் பண்டம் கேட்காமல், கரண்டி முதல் துடைப்பம் வரை நீங்களே எடுத்துப் போங்கள். முதல் பிடி அரிசியை மட்டும் வீட்டுப் பெரியவர் கையால் போடச் சொல்லுங்கள். எந்த வீட்டிலும் அதற்கு முகம் மலரும்.

வரைய, தரை ஓடுகளே துணை. நம் கொண்டோக்களில் 60 சென்டிமீட்டர் சதுர ஓடுகள் அதிகம். நாலு ஓடுகள் சந்திக்கும் புள்ளியை மையமாக வைத்தால், ஓட்டு இடுக்குகள் வட்டத்தை நாலாகப் பிரித்துத் தரும். ஓடுகளின் மூலைவிட்டங்கள் அதை எட்டாக்கும். கோணமானி தேவையில்லை. ஆறு இதழ் வேண்டுமென்றால், வட்டம் போட்ட அதே நூல் நீளத்தால் வட்டத்தின் மேலேயே அடுத்தடுத்து அளந்து குறித்து வாருங்கள், சரியாக ஆறு வரும். ஓர் இதழை மட்டும் மாஜோங் தாளில் வரைந்து வெட்டி, அந்த அச்சையே எல்லா இடத்திலும் வைத்து வரையுங்கள். வழுவழு ஓட்டில் சுண்ணக்கட்டி பிடிக்காது. கண்ணாடியில் எழுதும் மெழுகுப் பென்சில் பிடிக்கும், பிறகு துணியால் துடைத்தால் போய்விடும்.

மையத்திலிருந்து வெளியே வாருங்கள். முதலில் கறுப்புக் கோட்டை ஒரு விரல் அகலத்தில் வரப்பு போல இழுங்கள். பிறகு கோடுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு அறையையும் கரண்டியால் நிரப்புங்கள், வரப்பிலிருந்து அரை விரல் தள்ளியே நிறுத்தி. மீதியைப் பழைய வங்கி அட்டையின் விளிம்பால் மெதுவாகத் தள்ளிச் சேருங்கள். கோட்டோடு ஒட்டக் கொட்டினால் மணிகள் தாண்டிக் குதிக்கும். தவறி விழுந்த மணியை விரலால் எடுக்கப் போனால் பக்கத்து மணிகளும் கலைகின்றன. நுனியை லேசாக ஈரமாக்கிய பஞ்சுக்குச்சி ஒற்றை மணியை அழகாகத் தூக்கிவிடும். அடர் நிறங்களை முதலிலும் வெளிர் நிறங்களைக் கடைசியிலும் நிரப்புங்கள். வெள்ளையில் விழுந்த ஒரு சிவப்பு மணி பளிச்சென்று தெரியும், சிவப்பில் விழுந்த வெள்ளை அவ்வளவாகத் தெரியாது. எல்லாம் முடிந்தபின் கறுப்புக் கோட்டை மட்டும் ஒரு தடவை மேலே இழுத்தால் மொத்தக் கோலமும் எழுந்து நிற்கும்.

நாலு பேர் இருந்தால் ஆறடிக்கு மூன்று முதல் நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பேர் நிரப்ப, ஒருவர் கோடு, ஒருவர் போத்தல் எடுத்துக் கொடுக்க. எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தால் ஒருவர் முழங்கால் இன்னொருவர் இதழில்தான் இருக்கும். தொடங்கும் முன் கூரை விசிறியை நிறுத்துங்கள். தானாக ஓடும் தூசி உறிஞ்சும் கருவி அந்த வீட்டில் இருந்தால், அதன் நேர அமைப்பையும் அணைக்கச் சொல்லுங்கள்.

பரிசாகக் கொடுக்க வேண்டுமென்றால்

இரண்டடிப் பலகையில் ஒட்டிய கோலத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ அரிசி போதும், ஓர் அடுக்குதானே. ஆனால் உணவுச் சாயம் ஏற்றிய அரிசி இதற்கு உதவாது. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. பட்டதும் சாயம் கசிந்து பக்கத்து நிறத்தில் ஓடும். போஸ்டர் வர்ண அரிசியாக இருந்தால் கசிவு மிகக் குறைவு. அக்ரிலிக் என்றால் கசியவே கசியாது. பசையை நீர்க்காமல் ஓர் அறைக்கு மட்டும் தடவி, அரிசியைக் கொட்டி அழுத்தி, காய்ந்ததும் பலகையைச் சாய்த்துத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள்.

எடுத்து வைப்பது

தண்ணீர்த் துடைப்பானைக் கடைசி வரை தொடாதீர்கள். மிஞ்சிய சாயத்தூள் நனைந்து ஓட்டு இடுக்கில் ஊறினால் சிவப்பு லேசில் போகாது. வெளிவட்டத்திலிருந்து உள்ளே, நிறம் நிறமாக அட்டையால் முறத்தில் தள்ளி எடுங்கள். எல்லாம் எடுத்தபின் தூசி உறிஞ்சி, அதன் பிறகே ஈரத்துணி. எடுத்ததைச் சலித்து, ஜிப் பையில் போட்டு நாலு நாள் உறைபெட்டியில் வைத்தால் வண்டும் அதன் முட்டையும் சாகும். பையைத் திறக்காமலே வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரும் வரை விடுங்கள். குளிர்ந்த அரிசியை உடனே திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படியும். பிறகு காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வற்றல் மிளகாய் போட்டு இருட்டான அலமாரியில் வையுங்கள். சாயம் ஏற்றியதைச் சோற்றுக்கோ பறவைக்கோ போட வேண்டாம். பிரிக்க முடியாமல் கலந்துபோனதைத் தனிப் போத்தலில் வைத்தால், அடுத்த கோலத்துக்கு வெளிக்கரை கட்ட அந்தப் பலவண்ணக் கலவையே போதும்.