நைலான் குடிக்கும் ஈரத்தை நீங்களே அளக்கலாம்

சாக்கிநாக்கா, தாராவிப் பட்டறைகளில் வேலை பழகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கடைந்த அன்று சரியாக ஓடிய நைலான் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் குழல்), மும்பை மழை பிடித்த சில வாரங்களில் ஷாஃப்டை இறுக்கிக்கொள்ளும். பழி லேத்காரர் மேல் விழும். பல நேரம் காரணம் காற்றின் ஈரம்தான்.

படி 1: கண்ணாடி இழை கலக்காத நைலான் 6, அசிட்டால் (இன்னொரு பிளாஸ்டிக், கடையில் டெல்ரின் என்று கேளுங்கள்) இரண்டிலும் 150 மி.மீ. நீளம், 12 அகலம், 2 தடிமனில் பட்டை வெட்டுங்கள்.

படி 2: பட்டறை அவனில் 80 டிகிரியில் இரவு முழுதும் உலர்த்துங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி ஆறவிட்டு, நகைத் தராசில் எடை பாருங்கள்.

படி 3: ஒரு முனையை வைஸில் கவ்வி, 100 மி.மீ. வெளியே நீட்டி, நுனியில் 50 கிராம் தொங்கவிடுங்கள். உலர்ந்த நைலான் சுமார் 7 மி.மீ. தாழும். உடனே அளந்துவிடுங்கள், நேரம் போகப் போக இன்னும் தாழும்.

படி 4: தண்ணீரில் ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை துடைத்து எடை பாருங்கள். எடை ஏறுவது நிற்கும்போது மறுபடி வளைத்துப் பாருங்கள்.

நைலான் 6 தன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரை ஏற்கும். அசிட்டால் ஒரு சதவீதத்தைத் தாண்டுவது அரிது. நைலானின் தாழ்வு மூன்று மடங்குக்கும் போகலாம். அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் நடுவில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. விறைப்பு குறைகிறது, பொருள் உப்புகிறது.

ஆனால் ஈரத்தை எதிரியாக நினைக்காதீர்கள். அடி தாங்கும் திறன் ஈரத்தால்தான் கூடுகிறது. ஈரம் வற்றிய கேபிள் டை இழுத்ததும் முறிவது இதனால்தான். டை பாக்கெட்டை மூடியே வையுங்கள்.

தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் நைலானுக்கு இரண்டு பத்தி எண்கள் இருக்கும்: உலர்ந்த நிலை, ஈரம் ஏறிய நிலை. நைலான் 6-க்கு விறைப்பு முதலாவதில் ஏறக்குறைய 3 கிகா பாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), இரண்டாவதில் 1. இரண்டாவதை எடுங்கள். அதுகூட 50 சதவீத ஈரப்பதத்துக்கான எண். மும்பை ஜூலை அதைவிட ஈரம், அதனால் இன்னும் கொஞ்சம் குறைத்தே கணக்கிடுங்கள்.

வெந்நீரில் போட்டால் நைலான் சீக்கிரம் ஊறும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கை மட்டும் அப்படி நாள்கணக்கில் ஊறவைக்காதீர்கள். அதன் சங்கிலியே அறுபட்டு நொறுங்கும்.