மரியா கிர்ஷ் மாதிரி வானம் பார்ப்பது எப்படி?

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். மரியா விங்கெல்மான் 1670-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்காத காலம் அது. அதனால், விவசாயம் பார்த்துக்கொண்டே தானாக வானியல் படித்திருந்த கிறிஸ்டோப் ஆர்னால்டிடம் போய்க் கற்றுக்கொண்டார். 1692-இல் வானியலாளர் கோட்ஃபிரீட் கிர்ஷை மணந்து, 1700 முதல் பெர்லினில் கணவரோடு சேர்ந்து அங்குள்ள அறிவியல் கழகத்துக்காக ஆண்டுதோறும் பஞ்சாங்கம் கணித்தார்.

சரி, வேலைக்கு வருவோம். முடிந்தால் இரண்டு பேராக மாடிக்குப் போங்கள். ஒருவர் வடக்கே பார்க்கட்டும், மற்றவர் தெற்கே. மரியாவும் கணவரும் இப்படித்தான் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். செல்போனை உள்ளேயே வைத்துவிடுங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும்.

அப்புறம் வானத்தில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலுள்ள நட்சத்திரங்களை இரவுதோறும் வரையுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் விட்டுவிடாதீர்கள். 1702 ஏப்ரல் 21 அதிகாலை இரண்டு மணி வாக்கில், கணவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, சில நாள் முன்பு அவர் பார்த்திருந்த ஒளி மாறும் நட்சத்திரத்தைத் தானும் பார்த்துவிட வேண்டும் என்று தேடிய மரியாவின் கண்ணில் ஒரு வால்நட்சத்திரம் பட்டது. பழகிய இடத்தில் புகை போல மங்கலாக ஏதாவது தெரிந்தால் உடனே வரைந்துவிட்டு, மறுநாள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேகம், காற்று, குளிர் எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தக் குடும்பம் 1697 முதல் வானிலையையும் குறித்து வந்தது.

மரியா ஜோதிடமும் எழுதியவர். சூரியன், சனி, சுக்கிரன் சேர்க்கை பற்றி 1709-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். உங்களுக்கும் அதில் ஆர்வம் இருந்தால், கண்ணால் பார்த்ததை ஒரு பத்தியிலும் பலனை வேறொரு பத்தியிலும் எழுதுங்கள், இரண்டையும் கலக்கவே வேண்டாம்.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியம். அந்த வால்நட்சத்திரத்தைப் பற்றிய முதல் அறிக்கை கணவர் பெயரில்தான் வந்தது. மனைவிதான் கண்டார் என்று அவர் வெளியே சொன்னது 1710-இல். அதே ஆண்டு அவர் இறந்த பிறகு, பஞ்சாங்க வேலையைத் தனக்குத் தரும்படி மரியா கேட்டார். கழகத்தின் தலைவரும் தத்துவ அறிஞருமான லைப்னிட்ஸே பரிந்து பேசியும், பதினெட்டு வருட அனுபவம் இருந்தும், கழகம் மறுத்துவிட்டது. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால் குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பார்த்தவர் பெயரையும் மணியையும், விடியட்டும் என்று தள்ளிப்போடாமல், மாடியில் வைத்தே எழுதிவிடுங்கள்.