பிரவுசர் செட்டிங்ஸில் கை வைக்கும் முன்

ஒரு தளம் மக்கர் பண்ணினால் எல்லாத் தளத்துக்கும் சேர்த்து செட்டிங்ஸை மாற்றிவிடுகிறோம் பாருங்கள், பிரவுசர் விஷயத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கரண்ட் பில் கட்டினால் ரசீது பாப்-அப்பில் திறக்கும், குரோம் அதைத் தடுக்கும். உடனே செட்டிங்ஸுக்குப் போய் பாப்-அப்பை மொத்தமாகவே அனுமதித்துவிடுவார்கள். ரசீது வந்துவிடும், ஆனால் அந்த அனுமதி அப்படியே கிடக்கும். அப்புறம் ஏதோ பாட்டு டவுன்லோட் தளத்தில் நாலைந்து விளம்பரம் தானாகத் திறக்கும்போது பிரவுசருக்குத் திட்டு விழும். கம்ப்யூட்டர் குரோமில் அட்ரஸ் பாரின் இடது ஓரம் ஒரு சின்ன ஐகான் இருக்கும். முன்பு பூட்டாக இருந்ததை 2023-ல் மாற்றினார்கள். அதை அழுத்தினால் கேமரா, மைக், லொக்கேஷன், பாப்-அப் எல்லாவற்றையும் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தளங்கள் நம்மை நினைவில் வைக்க பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் கோப்பான குக்கீயிலும் இதே கதைதான். ஒரு தளம் சரியாகத் திறக்கவில்லை என்று ஹிஸ்டரி, குக்கீ எல்லாவற்றையும் 'ஆல் டைம்' கொடுத்து அழித்துவிட்டு, மெயில் முதல் பேங்க் வரை எல்லாவற்றிலும் திரும்ப லாகின் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிங்க் (ஒரே அக்கவுண்டில் கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றின் பிரவுசரையும் இணைத்து வைப்பது) ஆன் செய்திருந்தால் இங்கே அழித்த ஹிஸ்டரி போனிலும் போய்விடும். அந்தத் தளத்தின் டேட்டாவை மட்டும் அழிக்கவும் அதே ஐகானில் வழி இருக்கிறது.

அதற்கும் முன்னால் அந்தப் பக்கத்தை இன்காக்னிட்டோவில், அதாவது ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி விண்டோவில், ஒரு தடவை திறந்து பாருங்கள். அங்கே பழைய குக்கீ இருக்காது, நாமாக அனுமதிக்காத எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரோடு நாம் சேர்க்கும் குட்டி புரோகிராம்) ஓடாது. அதில் ஒழுங்காகத் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. என்னைக் கேட்டால் இன்காக்னிட்டோவின் உருப்படியான உபயோகம் இதுதான். ரகசியமாக உலவலாம் என்று நம்பித் திறப்பவர்கள்தான் பாவம், ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட் கம்பெனிக்கும் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியத்தான் செய்யும். இன்காக்னிட்டோ பற்றி 2020-ல் போடப்பட்ட ஒரு வழக்குக்குப் பிறகு, அதைத் திறந்ததும் வரும் பக்கத்து வாசகத்தை கூகுளே 2024-ல் இன்னும் தெளிவாக மாற்ற வேண்டியிருந்தது.

நோட்டிஃபிகேஷன் தனித் தலைவலி. 'ரோபோ இல்லையென்றால் அலோ அழுத்துங்கள்' என்று ஒரு தளம் கேட்கும், அழுத்திவிடுவோம், மறுநாள் முதல் 'உங்கள் போனில் வைரஸ்' என்று வரிசையாக வரும். பயந்துபோய் ஏதாவது ஆன்டிவைரஸ் ஆப்பை இறக்காதீர்கள். அந்த அறிவிப்பை உற்றுப் பாருங்கள், வைரஸ் என்ற கொட்டை எழுத்தோடு குரோம் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் சின்னதாக இருக்கும். சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்த முகவரியை பிளாக் செய்தால் நின்றுவிடும்.

எக்ஸ்டென்ஷன் போடும்போது 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் டேட்டாவைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நல்ல பெயர் இருக்கிறது, நிறைய பேர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று, சும்மா கிடக்கும் டேப்களை உறங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும், லட்சக்கணக்கானவர்கள் வைத்திருந்தார்கள். 2020-ல் அது கைமாறியது, 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று சொல்லி கூகுள் தூக்கிவிட்டது. பயன்படுத்தியவர்கள் புதிதாக எதையும் நிறுவவில்லை, ஏற்கனவே இருந்ததுதான் அப்டேட்டில் ஆள் மாறிவிட்டது. உபயோகிக்காததை நீக்கிவிடுங்கள். தேவைப்படுவதற்கும் 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்ற அனுமதி போதுமா என்று பாருங்கள்.

'டூ நாட் டிராக்' (என்னைப் பின்தொடராதே என்று தளங்களிடம் சொல்லும் செட்டிங்) ஆன் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வெறும் வேண்டுகோள், பெரும்பாலான தளங்கள் மதிப்பதில்லை, ஃபயர்பாக்ஸ் 2025-ல் அதை எடுத்தே விட்டது.

சரி, எதை எதையோ மாற்றி எல்லாம் குழம்பிப்போச்சு என்றால் பிரவுசரை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். திரும்பப் போட்டு லாகின் செய்ததும் சிங்க் வழியாக அதே எக்ஸ்டென்ஷன்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும். குரோமில் ரீசெட் செட்டிங்ஸ் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன்கள் அணையும், குக்கீ போகும். புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும். அப்புறம் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக ஆன் செய்தால் எது வம்பு பண்ணுகிறது என்று தெரிந்துவிடும்.