முன்பின் தெரியாதவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமோ மருத்துவமனையில் காத்திருக்கும் ஒருவரிடமோ சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்ற வாஞ்சை நல்லது. ஆனால் அந்த வாஞ்சையே சில நேரம் எதிரில் இருப்பவரைப் பார்க்க விடாமல் செய்துவிடுகிறது. மனப்பாடம் செய்து வைத்ததை எப்போது சொல்லலாம் என்று காத்திருக்கிறோம். அவர் பேசுவது காதில் விழுவதே இல்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

லூக்கா 24-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எம்மாவுக்கு நடந்துபோகும் இரண்டு சீஷரோடு, உயிர்த்தெழுந்த இயேசு யாரோ ஒரு வழிப்போக்கரைப் போலச் சேர்ந்துகொள்கிறார். என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள், ஏன் இந்தத் துக்கம் என்று விசாரிக்கிறார். எருசலேமில் நடந்தது, அதாவது இயேசு சிலுவையில் அறையப்பட்டது, உமக்குத் தெரியாதா என்று அந்த இருவரில் ஒருவரான கிலெயோப்பா கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "எவைகள்?" என்ற ஒரே சொல். நடந்தது அத்தனையும் அவருக்குத்தான் நேர்ந்தது! ஆனாலும் அவர்கள் தங்கள் ஏமாற்றத்தைக் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டுவிட்டுத்தான் வேதவாக்கியங்களை விளக்குகிறார். அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். ஒருவர் தன் மகனைப் பற்றிக் கவலையோடு சொல்லும்போது, அடுத்த கேள்வியும் அந்த மகனைப் பற்றியதாக இருக்கட்டும். வசனத்துக்குத் தாவ வேண்டாம்.

சபைக்குள் மட்டும் புழங்கும் பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள். "இரத்தத்தால் கழுவப்பட்டேன்" என்றால் நமக்குக் கண் கலங்கும். முதல்முறை கேட்பவர் திகைத்துப்போவார். என் குற்ற உணர்விலிருந்து இயேசு என்னை விடுவித்தார் என்று சொன்னால் அவருக்கும் விளங்கும்.

இன்னொருவர் வணங்குவதை இழிவாகப் பேசுவதை நியாயப்படுத்தவே முடியாது. கிரேக்க நாட்டின் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருந்ததைக் கண்டு அப்போஸ்தலரான பவுல் வைராக்கியமடைந்தார் என்று அப்போஸ்தலர் 17 சொல்கிறது. ஆனால் அந்தப் பட்டணத்தின் மன்றமான மார்ஸ் மேடையில் வாய் திறந்தபோது அவர் யாரையும் ஏளனம் செய்யவில்லை. "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த அவர்களுடைய பலிபீடத்திலிருந்தே தொடங்கினார், அவர்களுடைய புலவர்களையே மேற்கோள் காட்டினார். முடிவில் சிலர் பரிகாசம் செய்தார்கள், சிலர் இன்னொருமுறை கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். பவுலுக்கே கிடைத்த விளைவு இதுதான் என்றால், ஒரே உரையாடலில் ஒருவரை ஜெபிக்க வைத்துவிட வேண்டும் என்று நாம் துடிப்பது எதற்காக?

வாக்குவாதத்தில் ஜெயிக்க நினைப்பதும் இதே ரகம். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். யோவான் 9-இல் இயேசுவால் பார்வை பெற்றவர், தன்னை விசாரித்த யூத மதத் தலைவர்களான பரிசேயரிடம் அப்படித்தான் சொன்னார்: குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்று.

எனக்கு மிகவும் வேதனை தருவது நோயில் இருப்பவருக்குக் கொடுக்கப்படும் பொய் வாக்குறுதி. "இயேசுவிடம் வந்தால் இந்த நோய் போய்விடும், மாத்திரையே வேண்டாம்" என்று சொல்ல நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. தன் உடன் ஊழியரான துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து பட்டணத்தில் விட்டுவந்ததாகப் பவுலே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). உங்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். சரி என்றால் சுருக்கமாக ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

எழுந்து போக முடியாத இடத்தில் இருப்பவரிடம் இன்னும் கவனம் தேவை. கடையில் வேலை செய்பவரும் நம் கீழ் வேலை பார்ப்பவரும் மரியாதைக்காகத் தலையாட்டலாம்; அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எம்மாவு ஊரை நெருங்கியதும் இயேசு அப்பால் போகிறவரைப் போலக் காட்டிக்கொண்டார், அவர்கள் வருந்திக் கேட்ட பிறகே உள்ளே போனார். பதில் சுருங்கிக்கொண்டே போனாலோ பார்வை கைப்பேசிக்குத் திரும்பினாலோ பேச்சை மாற்றுங்கள். கைப்பிரதியைக் கையில் திணிக்க வேண்டாம்.

பேசி முடித்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. அவர் நம்பிச் சொன்ன குடும்பச் சண்டையையும் நோயையும் பெயரோடு, சில சமயம் புகைப்படத்தோடு, ஜெபக் குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். அவருக்காக வீட்டில் தனியாக ஜெபியுங்கள். குழுவில் கேட்டே ஆக வேண்டுமானால், யார் என்று தெரியாதபடி கேளுங்கள்.